முந்நூற்று நாற்பத்தொரு இடது கால்கள்

பெரிய பத்திரிகையின் வெளிநாட்டு நிருபர் என்றால் ஜனங்கள் மனத்தில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பாக்கெட் வைத்த சட்டை, கழுத்தில் கேமரா, பின்னால் புகை. நம் நிருபருக்கு இருந்ததோ ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு மேஜை, ஒரு டி.வி., எந்நேரமும் லேசாக ஈரம் கோத்திருக்கும் சுவர். கீழே நான்கு பெரிய மெஷின்கள் காலை ஏழிலிருந்து ராத்திரி எட்டு வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அவை துணியைப் பிழியத் தொடங்கினால் மேலே மேஜையில் கிடக்கும் பேனா தானாக நகர்ந்து கீழே விழும். ஏழு வருஷமாகக் குனிந்து குனிந்து அந்தப் பேனாவை எடுத்ததில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. போர்முனையில் வந்த வலி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

அவர் தங்கியிருந்த நாட்டில் செய்தி என்று எழுத ஒரு மண்ணும் கிடையாது. செய்தி எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அக்கரை நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் முதல் வேலையாக, வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் ஒருத்தனும் உள்ளே காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு பாலம், பாலத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் கோடு. சரக்கு லாரிகள் கோட்டைத் தாண்டலாம். மற்றபடி ஆள் நடமாட்டம் கூடாது.

பத்திரிகைக்கும் ஒரு விதி இருந்தது. செய்தியின் தலையில் எந்த ஊர்ப் பெயரைப் போடுகிறோமோ அந்த மண்ணில் நிருபரின் கால் பட்டிருக்க வேண்டும். இதை நிறுவனர் தன் கையெழுத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். தலைமை அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கியது. வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் தலைவரை எல்லோரும் 'ஆறுமணி' என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் உலகத்தில் பூகம்பமே வந்தாலும் அவர் கேட்பது ஆறு மணிக்குள் வந்துவிடுமா என்பதுதான். அந்த ஆறுமணி, அக்கரையின் பெயரோடு வாரம் ஒரு செய்தி வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"உள்ள விட மாட்டேங்கறாங்க சார்," என்றார் நிருபர் போனில்.

"உள்ள போய்க் குடித்தனமா நடத்தச் சொல்றேன்? கால் படணும். அவ்வளவுதான் விதி."

"ஒரு கால் போதுமா சார்?"

"அது உங்க சாமர்த்தியம். ஆறு மணிக்குள்ள அனுப்புங்க."

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை நிருபர் பாலத்தின் நடுவுக்குப் போய் மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நின்றார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கூண்டுக்குள் அக்கரையின் காவலர் உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்காற்று ஒத்துக்கொள்ளாமல் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஜலதோஷம் பிடித்த மனுஷன். லாரி வந்தால் அதில் என்ன இருக்கிறதென்று ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்வதும், மற்ற நேரத்தில் மூக்கைச் சிந்துவதும் அவர் உத்தியோகம்.

"ஆள் வரக்கூடாது சார். சரக்குதான் வரலாம்."

"ஆள் வரலைங்க. ஒரே ஒரு கால். வெச்சிட்டு எடுத்துடுவேன்."

காவலர் தும்மிவிட்டு யோசித்தார். சட்டத்தில் ஆளைப் பற்றி இருந்தது, காலைப் பற்றி இல்லை. ஆனால் கோட்டைத் தாண்டி எது வந்தாலும் எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. "எழுதிட்டா தப்பில்ல சார், எழுதாம விட்டாத்தான் தப்பு," என்று சொல்லி, தன்னிடம் இருந்த ஒரே ரெஜிஸ்டரைத் திறந்து, உருளைக்கிழங்கு நாற்பது மூட்டை என்பதற்குக் கீழே எழுதினார்: இடது கால், ஒன்று, ஷூவுடன். உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்தில் நிருபர் கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து வாரா வாரம் வியாழக்கிழமை இதே சடங்குதான். கால் உள்ளே இருக்கிற நேரத்தில் காவலரிடம் நாலு வார்த்தை விசாரித்துக்கொள்வார். தக்காளி லாரி இந்த வாரம் இரண்டு குறைவு என்று அவர் சொன்னால், மறுநாள் பேப்பரில் அக்கரையின் பெயரைத் தலையில் போட்டு 'உணவு விநியோகத்தில் பெரும் பாதிப்பு' என்று வரும். ஒருமுறை காவலர் தும்மல் நிற்காமல் அவதிப்பட்டபோது 'எல்லைப் படையினரிடையே நோய்ப் பரவல்' என்று வந்தது. மிச்சத்துக்கு ஆற்றைத் தாண்டி வருகிற அக்கரை டி.வி. இருந்தது. எதுவும் கிடைக்காத வாரம் 'நகரில் பதற்றமான அமைதி நிலவுகிறது' என்று எழுதுவார். பொய் எழுதியதாக அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த அமைதியை அவர் கோட்டில் நின்றபடியே கேட்டிருக்கிறார்.

முதல் செய்தி வெளியான வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் கூப்பிட்டால் குழாய் ஒழுகுகிறது, கேஸ் தீர்ந்துவிட்டது, என் அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஏதாவது இருக்கும். அன்றைக்கு அவள் அழுதாள்.

"அங்க எதுக்குங்க போனீங்க? உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க என்ன பண்ணுவோம்?"

நான் போகலை, என் இடது கால்தான் போச்சு என்று சொல்ல வாயெடுத்தார். தனக்காக அவள் இப்படி அழுது அவர் கேட்டதே இல்லை. மனுஷன் அந்த இடத்தில் விழுந்துவிட்டார், வேறு என்ன சொல்வது. "பயப்படாத, நான் ஜாக்கிரதையாத்தான் இருக்கேன்," என்றார். அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரே கூப்பிட ஆரம்பித்தார். அவள் கொஞ்சம் அழுவாள், இவர் கொஞ்சம் தேற்றுவார். கூப்பிடுவதற்கு முன்னால் முகச்சவரம் செய்துகொள்ளும் பழக்கம்கூட வந்துவிட்டது. போனில் முகம் தெரியாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

வருஷத்துக்கு மூன்று வாரம் லீவில் வீட்டுக்குப் போனால் மச்சான் அக்கம்பக்கத்து ஆட்களை எல்லாம் கூட்டிவந்து உட்கார வைப்பார். குண்டு விழுகிற சத்தம் எப்படி இருக்கும் மாப்பிள்ளை என்று எடுத்துக் கொடுப்பார். நிருபர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "முதல்ல தூரத்துல ஒரு உறுமல். அப்புறம் தரை அதிரும். மேஜையில இருக்கிற சாமான் நகர ஆரம்பிக்கும். அப்புறம் படக்குனு எல்லாம் அடங்கிடும்." கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். மனைவி மட்டும் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு நிற்பாள்.

இந்த வண்டி இப்படியே ஓய்வு பெறும்வரை ஓடியிருக்கும். மகளுக்குப் பேறுகாலம் வந்தது.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மகள் பிறந்தபோது நிருபர் வேறொரு நாட்டில் தேர்தல் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். குழந்தையை அவர் பார்த்தது நாற்பத்திரண்டாம் நாள். அதற்காக மனைவி ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் எந்த வீட்டில் பிரசவப் பேச்சு எழுந்தாலும், "அவர் அப்போ எலெக்‌ஷன்ல இருந்தார்," என்று ஒரு வரி சொல்வாள். இருபத்தைந்து வருஷமாக அந்த ஒரு வரி அவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

"இந்தத் தடவை நீங்க இருக்கணும்," என்றாள் மனைவி. "பாப்பாவும் கேக்குறா, அப்பா இருப்பாரான்னு."

"இருப்பேன். என்ன ஆனாலும் இருப்பேன்."

டாக்டர் சொன்ன தேதி இருபத்தி ஆறு. எதற்கும் இருக்கட்டும் என்று பன்னிரண்டாம் தேதிக்கே டிக்கெட் எடுத்தார். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, பேரனோ பேத்தியோ யார் ஜாடையில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி திரையை ஒரு தடவை, அவரை ஒரு தடவை, பிறகு எட்டிப் பார்த்து அவர் பாதத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"சார், நீங்க தாராளமா போகலாம். உங்க இடது கால்தான் போக முடியாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"போன மாசத்துலேர்ந்து ரெண்டு நாட்டு கம்ப்யூட்டரையும் சேத்துட்டாங்க சார். உங்க இடது கால் அக்கரைக்குப் போயிருக்கு. திரும்பி வந்ததா பதிவு இல்ல." திரையை இன்னொரு தடவை பார்த்தாள். "ஒண்ணு இல்ல சார். முந்நூத்தி நாப்பத்தொண்ணு."

ஏழு வருஷத்து வியாழக்கிழமைகள். லீவில் போன வாரங்களையும், பாலத்தில் வெள்ளம் ஏறிய இரண்டு வாரங்களையும் கழித்தால் கணக்குத் துல்லியமாகத்தான் இருந்தது.

"கால் இதோ இருக்கேம்மா. என்கூடத்தானே இருக்கு."

"தெரியுது சார். ஆனா அங்க சரக்கு நிலுவையில இருக்கிறவங்க நாட்டை விட்டுப் போகக்கூடாது. அங்கேர்ந்து வெளியே வந்ததுக்கு சீல் வாங்கிட்டு வந்துடுங்க."

"வலது கால்?"

"அதுல ஒரு பிரச்சினையும் இல்ல சார்," என்றாள் அவள், ஆறுதலாக.

விமானம் போய்விட்டது. அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே பாலத்துக்கு ஓடினார். காவலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாக மூக்கைத் துடைத்தார்.

"இங்க உள்ள வர்றதுக்கு மட்டும்தான் ரெஜிஸ்டர் சார். வெளிய போறதுக்கு சரக்கு ஆபீஸ்லதான் எழுதணும். உள்ளே அறுபது கிலோமீட்டர்."

"நீங்கதானே பாத்தீங்க, ஒவ்வொரு தடவையும் கால் திரும்ப வந்துச்சே?"

"பாத்தேன் சார். ஆனா எழுதலையே."

ஒரு வழி இருந்தது. கம்ப்யூட்டர்களைச் சேர்த்த புது ஒப்பந்தப்படி சரக்கின் உரிமையாளர் நேரில் போய்ச் சரக்கை மீட்டுக்கொள்ளலாம். பத்திரிகைக்காரராகப் போக முடியாது, காலின் உரிமையாளராகப் போகலாம். பார்த்தது, கேட்டது எதையும் எழுத மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டார். அனுமதி வருவதற்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் ஆபீஸ் வேலை, ரெண்டே நாள்ல கிளம்பிடுவேன் என்று மனைவியிடம் சாக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கு வறண்டது. அவள் 'சரி' என்று மட்டும் சொன்னாள். அந்தச் 'சரி' அவருக்குப் பிடிக்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட ஆறுமணிக்கோ தலைகால் புரியவில்லை. "ரெண்டு காலும் உள்ள போகுதா? முழுப் பக்கம் ஒதுக்கறேன்."

"எழுத மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன் சார்."

"ஒரு காலை வெளிய எடுத்துட்டு எழுத முடியுமான்னு பாருங்க," என்றார் ஆறுமணி.

இருபத்திரண்டாம் தேதி, வழக்கம்போல ஒரு வியாழக்கிழமை, நிருபர் தன் வலது காலையும் எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினார். அங்கே காலை நேர பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் ஏழு வருஷமாக எழுதிய பதற்றமான அமைதியைத் தேடிக்கொண்டே போனார். ஒருத்தன் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு முடிதிருத்துபவர் தன் நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஒரு ஸீட்டுக்காகச் சண்டை போட்டு, அப்புறம் அதே ஸீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு மருமகளைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு முனையில் சிப்பாய்கள் வண்டியை நிறுத்தி எல்லார் காகிதத்தையும் பார்த்தார்கள். அப்போது மட்டும் அந்த இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தி மடியைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் கை தானாகக் குறிப்பு நோட்டைத் தேடிப் பாக்கெட்டுக்குள் போனது. கையெழுத்து ஞாபகம் வந்து கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

சரக்கு ஆபீஸ் ஒரு நீளமான கிடங்கு. அதன் வாசலிலும் ஒரு மஞ்சள் கோடு. வாசலை ஒட்டிய மேஜையில், நூல் கட்டிய மூக்குக் கண்ணாடியோடு ஓர் அதிகாரி அம்மா இருந்தார். பட்டியலைப் படித்தார்: "இடது கால், முந்நூத்தி நாப்பத்தொண்ணு. அதுல ஷூவோட முந்நூத்தி முப்பத்தொன்பது, கட்டோட ரெண்டு." நிமிர்ந்தார். "எங்க?"

நிருபர் ஷூவைத் தூக்கிக் காட்டினார்.

"மிச்சம் முந்நூத்தி நாப்பது?"

"எல்லாமே இதேதாம்மா. இதுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. ரெண்டு வாரம் சுளுக்கு, அதுதான் கட்டு."

அதிகாரி அம்மா கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிஜமாகவே யோசித்தார். "திரும்பத் திரும்ப வந்திருந்தா, திரும்பத் திரும்பப் போயாகணும். கோட்டைத் தாண்டுங்க. நான் டிக் போடறேன்."

"தாண்டிட்டு மறுபடி உள்ள வந்தா அதையும் எழுதுவீங்களே?"

"உள்ள வர்றதுக்கு எங்கிட்ட ரெஜிஸ்டர் இல்ல. நாலு மணிக்கு மூடிடுவேன். நாளைக்கும் நாளை மறுநாளும் லீவு."

நிருபர் தாண்ட ஆரம்பித்தார். இடது கால் வெளியே, டிக். உள்ளே வந்து மறுபடி வெளியே, டிக். அந்த அம்மா ஒவ்வொரு டிக்குக்கும் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, பென்சிலை நக்கி, கட்டத்துக்குள் அழகாகப் போட்டார். நூறு தாண்டியபோது சட்டை நனைந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆபீஸில் இதைவிட விசித்திரமெல்லாம் பார்த்தவர்கள் போலிருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றேழில் போன் அடித்தது. மனைவி.

"பேசுங்க, ஆனா நிக்காதீங்க," என்றார் அதிகாரி அம்மா. "மணி மூணேகால்."

"ஏங்க, பாப்பாவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றாள் மனைவி. "நாள் இருக்குன்னாங்க, முந்திடுச்சு. மாப்பிள்ளை வராந்தாவுல நடந்துட்டே இருக்கார்." சட்டென்று நிறுத்தினாள். "எங்க இருக்கீங்க நீங்க? மெஷின் சத்தத்தையே காணோம்?"

"எந்த மெஷின்?"

"கீழ துணி துவைப்பாங்களே, அது."

நிருபரின் கால் கோட்டின் மேல் நின்றுவிட்டது. பென்சில் மேஜையில் தட்டியது. அவர் மறுபடி நடந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் வாரம் தெரியாது. நெசமாத்தான் அழுதேன். அடுத்த வாரம் நீங்க குண்டு போடற ஊர்ல இருக்கேங்கறீங்க, பின்னாடி ஒரு பொம்பளை போர்வை காயலைன்னு சத்தம் போடறா." அவள் சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "ஏழு வருஷமா அந்த மெஷின் சத்தம் கேட்டப்புறம்தான் நான் நிம்மதியாச் சாப்பிட உக்காருவேன்."

"அப்ப வாரா வாரம் அழுதியே?"

"அழுகையை நிறுத்திட்டா நீங்க கூப்பிடறதை நிறுத்திடுவீங்களேன்னுதான்."

இருநூற்று மூன்று, என்றார் அதிகாரி அம்மா. தன்னைப்போல இன்னொரு பைத்தியம் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஏழு வருஷமாக இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: விதி, கோடு, ஜலதோஷம், உருளைக்கிழங்கு மூட்டைக்குக் கீழே எழுதிய கால், விமான நிலையம். நடந்துகொண்டே சொன்னதால் மூச்சு வாங்கியது.

"அப்ப இப்போ," மனைவியின் குரல் இறங்கியது, "இப்போ நெசமாவே அங்கயா இருக்கீங்க?"

"ரெண்டு காலோடயும்."

அவள் அழுதாள். இது வெள்ளிக்கிழமை அழுகை இல்லை. அதில் நடுவில் இவர் பேசுவதற்கு இடம் இருக்கும், இதில் இல்லை.

"அழாத," என்றார் கடைசியில். "இங்க மருமகளைத் திட்டிட்டு பஸ்ல போறாங்க. அப்படித்தான் இருக்கு இந்த ஊர். இன்னும் நூத்திச் சொச்சம் தடவை தாண்டினா நான் கிளம்பிடுவேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "எண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் எண்ணினார். அதிகாரி அம்மாவும் எண்ணினார். போனுக்குள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. இங்கே இவருடைய ஷூ போவதும் வருவதுமாக இருந்தது. மகள் பிறந்த அன்றைக்குத் தான் நடக்க வேண்டிய நடை இது என்று அவருக்குத் தோன்றியது. கால் வலி ஒன்றும் தெரியவில்லை.

முந்நூற்று முப்பத்தொன்பதில் அதிகாரி அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "மிச்சம் ரெண்டும் கட்டோட." நிருபர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, காலில் கைக்குட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டார். நாலு மணி ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ஒரு தடவை தாண்டினார், டிக். திரும்பி உள்ளே வந்தபோது போனுக்குள் ஒரு கதவு திறந்தது, யாரோ எதையோ சொன்னார்கள், பிறகு அவர் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. சின்னதாக, கோபமாக, விட்டு விட்டு.

"பேத்தி," என்றாள் மனைவி. "பாப்பா நல்லாருக்கா."

நிருபர் வாசலில் நின்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கக் கைக்குட்டை இல்லை, அது காலில் இருந்தது. மூட்டைக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார்," என்றார் மெதுவாக.

போனில் மனைவி கேட்டாள். "என்னங்க? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் நிருபர். பிறகு கைக்குட்டை கட்டிய காலைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார்.